மணலின் வழி: புதுவைக் கடற்கரையும் அதன் கட்டுமானங்களும்

நள ஆண்டு கார்த்திகைத் திங்கள் 8ஆம் நாள், புதன்கிழமை இரவு. ஆங்கிலக் கணக்கில் 1916 நவம்பர் 22. அன்று புதுவையைச் சூறையாடிய புயலைத் தமிழ்க் கவிதை இன்றும் நினைவில் வைத்திருக்கிறது. அந்நாளில் புதுவையில் வாழ்ந்த பாரதியார், நாளையும் கிழமையையும் தலைப்போடு சேர்த்துப் பொறித்து, ஒரு கணவனும் மனைவியும் அந்த இரவில் பேசிக்கொள்வதாகப் 'புயற் காற்று' என்னும் பாடலை இயற்றினார். முதல் நாள்வரை தாங்கள் குடியிருந்த வேறொரு வீட்டை அந்தக் கணவன் நினைத்துப் பார்க்கிறான். இந்நேரம் அங்கே இருந்திருந்தால் தங்கள் கதி என்னவாகியிருக்கும் என்று நடுங்குகிறான். புயல் ஓய்ந்தபின் கண்ட காட்சி 'பிழைத்த தென்னந்தோப்பு' என்னும் மற்றொரு பாடல் ஆயிற்று. எண்ணிலா மரங்கள் வீழ்ந்து கிடந்த நிலத்தில், சிறு திட்டு ஒன்றின் மீது நின்ற தென்னந்தோப்பு மட்டும் தப்பியிருந்தது. அது ஏழை ஒருவனின் உடைமை என்பதையும் கவிஞர் குறிக்கத் தவறவில்லை.

எது வீழ்ந்தது, எது நின்றது, நின்றது எதனால் நின்றது? ஒரு புயலுக்குப் பிந்திய காலையில் கவிஞரின் உள்ளத்தில் எழுந்த இக்கேள்விகளையே பொறியியல் அறிஞர்கள் இன்று வேறு சொற்களில் கேட்கின்றனர். பாலம், துறைமுகம், சாலை, மின்கம்பி, குடிநீர்க் குழாய் ஆகிய பொதுக் கட்டுமானங்கள் பேரிடரைத் தாங்கவும், தாங்க இயலாதபோது விரைந்து மீண்டெழவும் பெற்றிருக்க வேண்டிய ஆற்றலை 'மீள்திறன்' என்கின்றனர். அதைப் பற்றிய ஆய்வு உலகெங்கும் வளர்ந்து வருகிறது. ஆனால் புதுவை இந்தப் பாடத்தை ஏட்டில் படிக்கவில்லை. தன் கடற்கரையைப் பலமுறை இழந்தும் ஒரு பகுதியை மீட்டும் கற்றுக்கொண்டது. அந்த வரலாறு ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேல் நீள்வது.

துறைமுகம் இல்லாத துறை

1674ஆம் ஆண்டு பிரான்சுவா மர்த்தேன் புதுவையில் பிரெஞ்சுக் கும்பினியின் வாணிக நிலையத்தை நிறுவியபோது இங்கே இயற்கைத் துறைமுகம் எதுவும் இல்லை. சோழமண்டலக் கரையின் பெரும்பகுதியைப் போலவே இதுவும் மணற்கரை. வளைகுடாவின் அணைப்போ பாறைகளின் மறைப்போ இல்லாத திறந்த கடல். கப்பல்கள் கரைக்கு வர இயலாமல் தொலைவில் நங்கூரமிட்டு நின்றன. சரக்கும் ஆட்களும் சலங்கு எனப்பட்ட படகுகளில் அலைகளைக் கடந்து கரையேறினர்.

சலங்கு, எளிய கைவினைக்குள் இருந்த பெரிய அறிவுக்கு ஒரு சான்று. அதன் பலகைகள் ஆணி அறையப்படாமல் தென்னங்கயிற்றால் தைக்கப்பட்டவை. கரையில் உடையும் அலை மோதும்போது ஆணியடித்த ஐரோப்பியப் படகு பிளந்துவிடும். தைத்த படகோ சற்றே நெளிந்து, அடியை உடல் முழுவதும் பகிர்ந்துகொண்டு, மணலில் வந்து அமரும். ஐரோப்பியக் கப்பல் தலைவர்களும் இந்தக் கரையில் தம் படகுகளை விடுத்து உள்ளூர்ப் படகோட்டிகளையே நம்பினர். வளைந்து கொடுப்பதால் உடையாமல் நிற்பது என்னும் நெறியை இந்தக் கரையின் படகுக் கலைஞர்கள் தலைமுறை தலைமுறையாகக் கையாண்டு வந்தனர்.

1736ஆம் ஆண்டு தொடங்கி ஆனந்தரங்கப் பிள்ளை எழுதிவந்த நாட்குறிப்பில் கப்பல்களின் வரவும் போக்கும் இடையறாது இடம்பெறுகின்றன. நகரத்தின் வாழ்வும் தாழ்வும் அந்தத் திறந்த கடலைப் பொறுத்தே இருந்தன. அவர் மறைந்த அதே 1761ஆம் ஆண்டின் தொடக்கத்தில் கடல் தன் முழு வன்மையையும் காட்டியது. அப்போது ஆங்கிலேயர் படை நகரத்தை முற்றுகையிட்டிருந்தது. புத்தாண்டு நாளில் வீசிய புயல், கடலில் காவல் நின்ற ஆங்கிலேயக் கப்பல்கள் சிலவற்றை மூழ்கடித்தது. வேறு சிலவற்றைக் கரையில் மோதி உடைத்தது. நூற்றுக்கணக்கான மாலுமிகள் மாண்டனர். ஆயினும் முற்றுகை விலகவில்லை. அந்தத் திங்களிலேயே நகரம் வீழ்ந்தது; வென்றவர்கள் கோட்டையையும் மதில்களையும் தரைமட்டமாக்கினர். பகைவர் இடித்த நகரம் பிரெஞ்சியர் ஆட்சி திரும்பியதும் மீண்டும் எழுந்தது. கடலை ஒட்டிய மணற்கரையை அன்றைய போர் எதுவும் செய்துவிடவில்லை.

இரும்புப் பாலம்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் புதுவை வாணிக நகரமாகத் தன்னை மீட்டுக்கொண்டது. 1836 சூலைத் திங்கள் முதல் நாள் கடற்கரைக் கலங்கரை விளக்கம் முதன்முதலாக ஒளிர்ந்தது. நீலத் துணி ஆப்பிரிக்காவின் செனகல் நாட்டுக்கும், நிலக்கடலை பிரான்சின் மர்செய் துறைமுகத்துக்கும் ஏற்றுமதியாயின. சரக்கு பெருகப் பெருகச் சலங்குகள் மட்டும் போதவில்லை. கடலுக்குள் நீண்டு செல்லும் பாலம் ஒன்று தேவைப்பட்டது. 1866ஆம் ஆண்டு இரும்புத் தூண்களின் மேல் அமைந்த இறங்குதுறைப் பாலம் பயனுக்கு வந்தது. 1879ஆம் ஆண்டு விழுப்புரத்திலிருந்து இருப்புப் பாதையும் வந்து சேர்ந்தது.

அந்த 1860களில் புதுவையில் தலைமைப் பொறியாளராகப் பணியாற்றியவர் லமரேசு என்னும் பிரெஞ்சியர். முத்திரப்பாளையத்து ஊற்றுநீர் நகரத்துக்குக் கொண்டுவரப்பட்ட வரலாற்றோடு அவர் பெயர் இணைந்துள்ளது. பூங்காவின் நடுவே நிற்கும் ஆயி மண்டபம் அந்த நீர்ப்பணியின் நினைவாக எழுந்தது. தமிழ் உலகம் அவரைப் பிறிதொரு வகையிலும் நினைக்க வேண்டும். திருக்குறளைப் பிரெஞ்சில் பெயர்த்து 1867இல் நூலாக வெளியிட்டவரும் அவரே. நீரின் சிறப்பைக் கடவுள் வாழ்த்துக்கு அடுத்த அதிகாரமாக வைத்த ஒரு நூலை, குடிநீர்ப் பணியில் ஈடுபட்ட ஒரு பொறியாளர் மொழிபெயர்த்தார். பொறியியலுக்கும் இலக்கியத்துக்கும் இடையே இன்று எழுந்துள்ள மதில் அன்று அத்துணை உயரமாக இல்லை.

இரும்புப் பாலத்துக்கு ஒரு பண்பு இருந்தது. அதைக் கட்டியோர் தனியே கருதிச் செய்தாலும் செய்யாவிட்டாலும் அதன் பயன் பெரிது. பாலம் தூண்களின் மேல் நின்றது. தூண்களுக்கிடையே கடல் தடையின்றி ஓடியது. அலையும் நீரோட்டமும் சுமந்துவந்த மணல் பாலத்தின் அடியாகக் கடந்து தன் வழியே சென்றது. கப்பலுக்குப் பாலம் கிடைத்தது; நகரத்தின் மணற்கரையும் குறையவில்லை. எண்பத்தாறு ஆண்டுகள் நின்ற பின், 1952ஆம் ஆண்டுப் புயலில் அந்தப் பாலம் அழிந்தது. பாலம் போயிற்று, கரை போகவில்லை.

1954 நவம்பர் முதல் நாள் புதுவையின் ஆட்சி இந்தியாவிடம் வந்தது. 1962 ஆகஸ்டு 16 அன்று சட்டப்படியான இணைப்பும் நிறைவேறியது. அதே காலத்தில், 1956 முதல் 1962 வரையிலான ஆண்டுகளில், பழைய பாலத்துக்குத் தெற்கே புதிய பாலம் கட்டப்பட்டது. அதுவும் தூண்களின் மேல் நின்றதே. ஆதலால் அதுவும் மணலுக்கு வழிவிட்டது.

கரையோரம் ஓடும் ஆறு

இங்கே மணலின் நடையைச் சற்று விளக்குவது தகும். அலைகள் கரைக்கு நேர்குத்தாக வருவதில்லை. சாய்ந்து வந்து மோதுகின்றன. மோதும் ஒவ்வோர் அலையும் மணலை எழுப்பி ஓரடி பக்கவாட்டில் நகர்த்தி வைக்கிறது. தென்மேற்குப் பருவக்காற்றின் திங்கள்களில் சோழமண்டலக் கரையில் மணல் தெற்கிலிருந்து வடக்கு நோக்கி நகர்கிறது. வடகிழக்குப் பருவக்காற்றின் திங்கள்களில் வடக்கிலிருந்து தெற்கே திரும்புகிறது. வடக்கு நோக்கிய நடை நீண்ட காலம் நிகழ்வதால், ஆண்டுக் கணக்கில் வடக்கே செல்லும் மணலே மிகுதி. அதன் அளவு பல இலட்சம் கன மீட்டர். கண்ணுக்குத் தெரியாத ஓர் ஆறு கரையை ஒட்டி வடக்கு நோக்கி ஓடிக்கொண்டிருக்கிறது எனலாம். பொறியாளர்கள் கருவி கொண்டு அளப்பதற்கு நெடுங்காலம் முன்பே இந்தக் கரையின் மீனவர்கள் தெற்கிலிருந்து வரும் ஓட்டத்தைத் தெண்டி என்றும், வடக்கிலிருந்து வருவதை வன்னி என்றும் பெயரிட்டு அறிந்திருந்தனர்.

மணற்கரை வெறும் உலாவிடம் அன்று. அதுவே கடலுக்கும் நிலத்துக்கும் இடையே உள்ள முதன்மையான அரண். புயல் வரும்போது அலை கரை மணலை அரித்துச் சற்றுத் தொலைவில் நீருக்குள் திட்டாகச் சேர்க்கிறது. பின்வரும் அலைகள் அந்தத் திட்டில் தட்டி முன்னதாகவே உடைந்து வலுவிழக்கின்றன. புயல் ஓய்ந்தபின் அமைதியான அலைகள் அதே மணலைச் சிறுகச் சிறுகக் கரைக்குத் திருப்பிக் கொணர்கின்றன. தன்னையே குலைத்துக்கொண்டு காத்து, பின்னர்த் தானே திரும்பக் கூடும் அரண் இது. மீள்திறன் என்பதற்கு இதைவிடச் சிறந்த எடுத்துக்காட்டைத் தேட வேண்டியதில்லை. ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை உண்டு. தெற்கிலிருந்து வரும் மணல் வந்துகொண்டே இருக்க வேண்டும்.

சென்னை தந்த எச்சரிக்கை

அந்த நடை தடைப்பட்டால் நேர்வது என்ன என்பதை அறியப் புதுவை நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. சென்னையிலும் முதலில், 1861இல், தூண்களின் மேல் நின்ற பாலமே எழுந்தது. பின்னர் 1870களில் கடலுக்குள் இரு கற்கரங்களை நீட்டித் துறைமுகம் கட்டத் தொடங்கினர். பணி முடியும் தறுவாயில் 1881 நவம்பர்ப் புயல் அந்தச் சுவர்களைச் சிதைத்தது. சுவர்கள் மீண்டும் எழுந்தன. ஆனால் புயலைவிட அழுத்தமாகப் பேசியது மணல். தெற்கிலிருந்து வந்த மணல் தென்சுவரில் தடுக்கப்பட்டு ஆண்டுதோறும் குவிந்தது. இன்று உலகம் வியக்கும் மெரினாவின் அகலம் அப்படி வந்ததே. 1884இல் ஆளுநர் கிராண்ட் டப் அங்கே உலாச்சாலை அமைத்தார். துறைமுகத்துக்கு வடக்கே இராயபுரம் தொடங்கி மீனவர் ஊர்கள் தம் கரையை இழந்தன; வீதிகளும் வீடுகளும் கடலுக்குள் சென்றன. ஒரே சுவர் ஒரு பக்கம் மெரினாவைத் தந்து, மறுபக்கம் இராயபுரத்தின் கரையை எடுத்துக்கொண்டது.

இந்தப் பாடத்தைக் கற்றுக்கொண்ட துறைமுகமும் உண்டு. 1933இல் திறக்கப்பட்ட விசாகப்பட்டினத் துறைமுகத்தில், பழைய கப்பல்கள் இரண்டை மூழ்கடித்து வாயிலின் தெற்கே அலைத்தடுப்பாக்கினர். அதன் மறைவில் சேரும் மணலைத் தூர்வாரும் கப்பல் கொண்டு அள்ளி, வடக்கே உள்ள நகரக் கடற்கரையில் சேர்க்கும் முறை அங்கே உருவாயிற்று. தடுத்த மணலைக் கையால் எடுத்து மறுபுறம் வைக்கும் இந்தப் பணிக்கு முடிவு இல்லை. துறைமுகம் இருக்கும் நாள் எல்லாம் அது நடந்தாக வேண்டும்.

இரு கற்கரங்கள்

புதுவையில் 1980களில் அரியாங்குப்பம் ஆற்றின் முகத்துவாரத்தில் துறைமுகம் அமைக்கும் பணி தொடங்கிற்று. ஆற்றுவாய் மணலால் மூடிவிடாமல் காக்க, 1986 முதல் 1989 வரையிலான ஆண்டுகளில் அதன் இருபுறமும் கருங்கல்லால் அலைத்தடுப்புச் சுவர்கள் கடலுக்குள் நீட்டப்பட்டன. நோக்கத்தில் குறை இல்லை. விசைப்படகுகளுக்குப் பாதுகாப்பான வாயில் வேண்டும் என்பது மீனவர்களின் தேவையும் ஆகும். திட்டம் வகுத்த பொறியாளர்கள் சென்னையை மறந்துவிடவும் இல்லை. தெற்கே தேங்கும் மணலை அள்ளி வடக்கே கடத்தும் ஏற்பாடு வடிவமைப்பிலேயே இடம்பெற்றிருந்தது.

சுவர்கள் எழுந்தன. மணல் கடத்தும் பணிதான் உரியவாறு தொடரவில்லை. இந்த வரலாற்றின் திருப்பம் இங்கேயே உள்ளது. கட்டுமானம் கண்ணுக்குத் தெரிவது. அதற்கு அடிக்கல்லும் திறப்பு விழாவும் உண்டு. ஆண்டுதோறும் மணலை அள்ளி மறுபுறம் சேர்க்கும் பணிக்குக் கல்வெட்டு இல்லை. வடிவமைப்பின் ஒரு பாதி கல்லாயிற்று. மறு பாதி தாளிலேயே தங்கியது.

விளைவு விரைவில் தெரிந்தது. தெற்கே வீராம்பட்டினத்துப் பக்கம் மணல் குவிந்தது. வடக்கே நகரத்தின் கரை தேய்ந்தது. காந்தி சிலைக்கு முன்னே பரந்திருந்த மணல்வெளி சில ஆண்டுகளில் மறைந்து, அலைகள் உலாச்சாலையின் அடிக்கே வந்தன. போரிலும் புயலிலும் பிழைத்திருந்த கரை, அமைதிக் காலத்தில் எழுந்த இரு கற்சுவர்களால் இல்லாமற்போயிற்று.

கல்லின் நகர்வு

கரை மறைந்த இடத்தில் கல்லைக் கொட்டுவதே உடனடி வழியாகத் தோன்றியது. வேறு செய்யவும் இயலாத நிலை. சாலையும் கட்டடங்களும் கடலின் வாயில் நின்றன. நகரத்தின் முகப்பில் பெருங்கற்கள் அடுக்கப்பட்டன. 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை வந்தபோது உயர்ந்த கடற்சுவரும் கற்களும் நகரத்தின் நடுப்பகுதியைப் பெரிதும் காத்தன. அந்த நன்றியை மறுக்க இயலாது. அதே நாளில் சுவரற்ற மீனவர் குப்பங்கள் துயருற்றன. புதுவை ஒன்றியப் பகுதியில் அறுநூறு பேரளவில் உயிரிழந்தனர். அவருள் பெரும்பாலோர் காரைக்கால் பகுதி மக்கள்.

பேரிடர் நாளில் காத்த கல், மற்ற நாள்களில் வேறு வகையாக நடந்துகொள்கிறது. மணலில் ஏறி ஓயும் அலை, கல்லில் மோதினால் வலுக்குறையாமல் திரும்பித் தாக்குகிறது; சுவரின் அடியில் மிச்சமிருந்த மணலையும் அரிக்கிறது. அடி அரிபடக் கற்கள் சரிந்து புதைகின்றன. அவற்றின் மேல் மீண்டும் கல் கொட்ட வேண்டியிருக்கிறது. சுவர் முடியும் இடத்திலோ அரிப்பு இன்னும் கடுமையாகிறது. காக்கப்பட்ட பகுதியிலிருந்து மணல் கிடைக்காமையால் அடுத்த ஊர் தன் மணலை இழக்கிறது.

ஆகவே கல் வடக்கு நோக்கி நடக்கத் தொடங்கிற்று. குருசுக்குப்பம், வைத்திக்குப்பம், சோலைத்தாண்டவன்குப்பம் என்று ஒவ்வோர் ஊரின் முன்னும் கல் வந்தது. பின்னர் எல்லை கடந்து தமிழ்நாட்டுக்குள் கோட்டக்குப்பம், தந்திராயன்குப்பம், சின்னமுதலியார்சாவடி, பொம்மையார்பாளையம் என அரிப்பும் அதைத் தொடர்ந்து தடுப்புகளும் சென்றன. சில இடங்களில் மக்கள் தூண்டில் வளைவு என்றழைக்கும் கற்கரங்கள் கடலுக்குள் நீண்டன. ஒவ்வொரு தூண்டில் வளைவும் தன் தெற்கே சிறிது மணலைச் சேர்த்துத் தன் வடக்கே உள்ள ஊருக்குப் பற்றாக்குறையை அனுப்பியது. மணலுக்கு மாநில எல்லை தெரியாது, கோப்புகளுக்குத் தெரியும். ஓர் ஆட்சிப் பகுதியில் மூண்ட குறையை மற்றோர் ஆட்சிப் பகுதியின் குப்பம் தாங்கியது.

இழப்பின் அளவு மீனவர் வாழ்வில்தான் புரியும். கட்டுமரத்தை ஏற்றி வைக்க மணல் வேண்டும். வலை உலர்த்தவும் பழுது பார்க்கவும் மணல் வேண்டும். கருவாடு காயவும் மணல் வேண்டும். ஊரே திரண்டு இருபுறமும் நின்று இழுக்கும் கரைவலைக்கு நீண்ட மணற்கரை இல்லையேல் தொழிலே இல்லை. கல்லின் மேல் கரைவலை இழுக்க இயலாது. பெண்கள் மீன் ஏலம் எடுத்த இடமும், பிள்ளைகள் நீந்தக் கற்ற இடமும் ஒருங்கே போயின. நகரத்து மக்கள் இழந்தது மாலைநேர உலாவிடம். குப்பத்து மக்கள் இழந்தது தொழிற்களம்.

மணலை அழைத்த ஆய்வு

கரையை மீட்க இயலும் என்னும் நம்பிக்கையைப் பொதுமக்களிடையே பரப்பியதில் பாண்டிகேன் போன்ற மக்கள் அமைப்புகளுக்குப் பங்கு உண்டு. மணல் போனது கடலின் சீற்றத்தால் அன்று, மனிதர் செய்த தடையால் என்பதை அவர்கள் தொடர்ந்து எடுத்துரைத்தனர். காரணம் மனிதச் செயலாயின் தீர்வும் மனிதர் கையில் உண்டு.

1993இல் சென்னையில் நிறுவப்பட்ட தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகம் இந்தப் பணியை ஏற்றது. ஆய்வாளர்கள் கேட்ட கேள்வி முந்தையோர் கேட்டதினின்றும் வேறுபட்டது. கடலை எங்ஙனம் தடுப்பது என்று கேளாமல், மணல் தங்கும்படி அலையை எங்ஙனம் தணிப்பது என்று அவர்கள் கேட்டனர். அலையின் உயரத்தையும் திசையையும், கடலடியின் ஆழத்தையும், பருவந்தோறும் மணல் நகரும் அளவையும் அறிந்து, கணிப்பொறி மாதிரிகளில் பலவாறு ஓட்டிப் பார்த்த பின்னரே வடிவம் உறுதியாயிற்று.

அவர்கள் வகுத்த திட்டத்தில் நகரக் கடற்கரையின் வட முனையில் ஒன்றும் தென் முனையில் ஒன்றுமாக இரு கட்டுமானங்கள் இருந்தன. அவற்றுள் வட முனைக்குரியது முதலில் எழுந்தது. தலைமைச் செயலகத்துக்கு எதிரே கடலுக்குள் 2018இல் இடப்பட்ட அது, ஆப்பு வடிவிலான எஃகுப் பெட்டகம்; செயற்கைத் திட்டாக நீரில் அமிழ்ந்து கிடப்பது. கரையில் நிற்போர் கண்ணை அது மறைப்பதில்லை. அதன் மேல் வரும் அலை முன்னதாகவே உடைந்து வலுவிழக்கிறது; திசையும் சற்று மாறுகிறது. வலுவிழந்த அலை, சுமந்து வந்த மணலை அங்கே விட்டுச் செல்கிறது. புயல் நாளில் இயற்கை மணற்கரை தானே நீருக்கடியில் எழுப்பிக்கொள்ளும் திட்டின் வேலையையே இந்த எஃகுத் திட்டு நாள்தோறும் செய்கிறது. அதனோடு வெளியிலிருந்து மணலைக் கொணர்ந்து நிரப்புவதும் திட்டத்தின் பகுதி.

சில பருவங்களுக்குள் நகரத்தின் முகப்பில் மணல் திரும்பியது. ஏறத்தாழ முப்பது ஆண்டுகளாகக் கல்லையே கண்டுவந்த உலாச்சாலையின் கீழ் மக்கள் இறங்கி மணலில் நின்றனர். மணற்கரை என்பதைப் பெற்றோர் வாய்க்கதையாகவே கேட்டிருந்த ஒரு தலைமுறை முதன்முதலாகத் தன் ஊரில் அலையில் கால் நனைத்தது.

ஆயினும் இந்த வெற்றியை அதன் அளவிலேயே காண வேண்டும். கரை மீண்டது நகரத்தின் முகப்பில். வடக்கே உள்ள குப்பங்களுக்கு மணல் சென்றடைய, தெற்கே தேங்கும் மணல் தொடர்ந்து கடத்தப்பட வேண்டும் என்னும் பழைய கடமை அப்படியே நிற்கிறது. 1990 முதல் 2016 வரையிலான கரை மாற்றத்தை ஆராய்ந்த தேசியக் கடலோர ஆய்வு மையம், இந்தியக் கடற்கரையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அரிப்புக்கு உள்ளாகியிருப்பதாகவும், புதுவைப் பகுதியில் அது பாதிக்கும் மேல் என்றும் கண்டது. புதுவையின் சிறு கரையில் கற்கும் பாடம் நாடு முழுமைக்கும் வேண்டியதே.

கட்டுவதும் காப்பதும்

அண்மை ஆண்டுகள் மற்றொரு பாடத்தையும் அடுக்கடுக்காகத் தந்தன. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுவைக்கும் இடையே கரை கடந்து மரங்களையும் மின்கம்பங்களையும் சாய்த்தது. பல நாள்கள் ஊர்கள் இருளில் கிடந்தன. 2014 நவம்பர் 29 அன்று, பத்தொன்பதாம் நூற்றாண்டில் எழுந்த நகராட்சிக் கட்டடமான மேரி, அடைமழைக்கிடையே இடிந்து வீழ்ந்தது. அதைச் சாய்க்கப் புயல் தேவைப்படவில்லை. காலமும் ஈரமும் கவனிப்பின்மையும் போதுமாயின. கடலோரப் பேரிடர்த் தணிப்புக்கான உலக வங்கித் திட்டத்தின் உதவியோடு பழைய முகத்தோற்றத்திலேயே அது மீண்டும் கட்டப்பட்டு 2021இல் திறக்கப்பட்டது. 2022 மார்ச்சுத் திங்களில், 1962இல் நிறைவெய்திய கடற்பாலத்தின் ஒரு பகுதி கடற்கொந்தளிப்பில் சரிந்தது. 2024 நவம்பர் 30 அன்று பெஞ்சல் புயல் புதுவையை ஒட்டிக் கரை கடந்தபோது ஒரே நாளில் 46 சென்டிமீட்டருக்குக் குறையாத மழை கொட்டியது. அந்நாளில் வெள்ளம் கடலிலிருந்து வரவில்லை; வானிலிருந்து வந்து, வடிய வழியின்றித் தெருக்களில் நின்றது.

இவை வெவ்வேறு நிகழ்ச்சிகளாயினும் உள்ளே ஓடும் இழை ஒன்று. மணலுக்கு வழி வேண்டும். மழைநீருக்கு வழி வேண்டும். பழைய கட்டடத்தின் ஈரம் வெளியேறவும் வழி வேண்டும். வழியைத் திறந்து வைத்திருப்பது ஒரு நாளில் முடியும் பணி அன்று. மீள்திறன் பற்றிய ஆய்வுகள் வலியுறுத்துவதும் இதுவே. எந்தக் கட்டுமானமும் திறப்பு விழா நாளில் முழுமை பெறுவதில்லை; அதைப் பார்வையிட்டு, பழுது நீக்கி, அளந்து, திருத்திக்கொண்டே இருப்பதுதான் அதன் வலிமை. தைத்த சலங்கின் கயிறு நைந்தபோதெல்லாம் மாற்றித் தைத்தார்கள். அந்தத் தையலும் படகு கட்டும் கலையின் பகுதியாகவே இருந்தது.

மீண்டும் 1916ஆம் ஆண்டின் அந்தக் காலைக்குத் திரும்பலாம். பெருமரங்களை வீழ்த்திய காற்று, சிறு திட்டின் மேல் நின்ற ஏழையின் தோப்பை விட்டுச் சென்றது. புதுவையின் மணற்கரையும் அத்தகைய உடைமையே. பட்டயம் இல்லாத ஏழை மக்களின் பொதுச் சொத்து. 1916இன் புயலும் 1952இன் புயலும் அதை விட்டுச் சென்றன. அதைப் பறித்தது காற்று அன்று. மணலைக் கடத்த மறந்த ஒரு மறதி. நகரத்துக்கு எதிரே அதன் ஒரு துண்டு திரும்பிவிட்டது. வைத்திக்குப்பத்திலும் கோட்டக்குப்பத்திலும் பொம்மையார்பாளையத்திலும் கல்லுக்கு அப்பால் இன்னும் கடலே நிற்கிறது. கரைவலை இழுக்கும் அளவுக்கு அங்கே மணல் என்று விரிகிறதோ, அன்றுதான் 1989இல் பாதியில் நின்ற அந்தப் பணி நிறைவெய்தியதாகக் கொள்ளலாம்.